நான் திருகாமல் விட்ட அங்குலம்

தம்பி,

உன் போனில் என் எண்ணைத் தடுத்து வைத்திருக்கிறாய். அது எனக்குத் தெரியாது என்று உன் அம்மா நினைத்துக்கொண்டிருக்கிறாள். கூப்பிட்டால் ஒருமுறை மணியடித்துவிட்டு அறுந்துபோகிறது. படகு என்ஜின்களின் சத்தத்தை வைத்தே நாற்பது வருடமாகப் பழுது கண்டுபிடித்து வருபவனுக்கு இது ஒரு கஷ்டமா? போன் வழியாகப் போகாதது காகிதம் வழியாகப் போகட்டும் என்று இதை எழுதிப் பத்திரிகைக்கு அனுப்புகிறேன். உன் பெயரை எழுதவில்லை, என் பெயரையும் எழுதவில்லை. நம்மைத் தெரிந்தவர்களுக்குப் புரிந்துவிடும். புரியட்டும். நாம் மூன்று பேரும் சேர்ந்து சொல்லிவந்த பொய்யைச் சுமக்க இனிமேல் எனக்குத் தெம்பு இல்லை. பிள்ளையின் காலடியில் ஸ்பேனரோடு உட்கார்ந்திருக்கும் அப்பன்கள் வேறு ஊர்களிலும் இருப்பார்கள். அவர்களும் படிக்கட்டும்.

தை பிறந்ததும் தொடை எலும்பை வெட்டி நீட்டிக்கொள்ளத் தேதி வாங்கியிருக்கிறாய் என்று போன வாரம் அம்மா சொன்னாள். நீ சொன்னதை மாற்றாமல் அப்படியே சொன்னாள். "அவரு வர வேணாமாம். அவரு திருடுன ஒரு இஞ்ச வேற எடத்துல எடுத்துக்கிறேன்னான்." இட்லி மாவைக் கரண்டியால் அடித்துக்கொண்டே சொன்னாள், என் முகத்தைப் பார்க்கவில்லை. "திருடலடி, குடுக்கல. ரெண்டும் ஒண்ணா?" என்றேன். "எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியுது, உள்ளத சொன்னா" என்றாள். இந்த வீட்டில் எனக்கு ஆதரவு எவ்வளவு என்று நீ தெரிந்துகொள்ளத்தான் இதை எழுதுகிறேன். அப்பா மன்னிப்புக் கேட்கப் போகிறார் என்று நினைத்துப் படிக்க ஆரம்பித்திருந்தால் இங்கேயே நிறுத்திவிடு. கேட்க வேண்டிய மன்னிப்பு ஒன்று இருக்கிறது, ஆனால் அது நீ நினைப்பதற்கு இல்லை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உயரம் ஒரு விஷயமே இல்லை என்று உனக்கு நான் உபதேசம் பண்ணப் போவதில்லை. மனசு உயரமாக இருந்தால் போதும் என்று சொல்லும் ஆட்களைக் கவனித்துப் பார்த்திருக்கிறேன், எல்லோரும் நல்ல உயரம். நான் ஐந்தடி ஓர் அங்குலம். கடலூர் முதுநகர் துறைமுகத்தில் என் பெயர் பாதிப் பேருக்குத் தெரியாது. "குட்டையக் கூப்புடு" என்றால் நான் போய் நிற்பேன். படகின் என்ஜின் பள்ளத்துக்குள் நெளியாமல் இறங்குவேன் என்பதால் எனக்கு வேலைக்குக் குறைவில்லை. "உன் ஒடம்பு இதுக்குன்னே செஞ்சது மாதிரி இருக்குதுய்யா" என்று படகுக்காரர்கள் பாராட்டுவார்கள். அதைப் பாராட்டாக நான் ஒருநாளும் எடுத்துக்கொண்டதில்லை. எங்கள் கல்யாணப் படத்தில் உன் அம்மா நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள், நான் பக்கத்தில் நிற்பேன். அந்தக் காலத்து வழக்கம் அது என்று நீ நினைத்திருப்பாய். படம் எடுத்தவன், "பொண்ணு உக்காந்துடட்டும் சார், அதான் நல்லாருக்கும்" என்றான். எழுபது பேர் முன்னால் சொன்னான். ஆகவே உன் வலி என்னவென்று தெரியாதவன் இல்லை நான்.

தெரிந்தவன் என்பதால்தான் முதல் தப்பைச் செய்தேன். நீ டிகிரி முடித்துப் போலீஸ் தேர்வு எழுதிப் பாஸ் பண்ணிய வருடம். உயரம் கொஞ்சம் இடிக்கும் என்று தெரியும். ராத்திரி தூங்கி எழுந்ததும் மனிதன் சற்று உயரமாக இருப்பான், நிற்க நிற்க முதுகெலும்பு அமுங்கிவிடும் என்று யாரோ சொன்னார்கள். அது உண்மைதானா என்று புத்தகத்தில் தேடினேன், உண்மைதான். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். என்ஜினோடு வரும் இங்கிலீஷ் கையேட்டை அகராதி வைத்துப் படித்துத்தான் தொழில் கற்றுக்கொண்டேன். புத்தகத்தில் இருந்தால் எனக்கு அது போதும். விழுப்புரத்தில் அளக்கும் நாளன்று உன்னைப் படுக்கையை விட்டு எழவே விடவில்லை. பாயோடு தூக்கி, ஐஸ் பெட்டி ஏற்றும் வண்டியில் மெத்தை போட்டுப் படுக்க வைத்து, கடலூரிலிருந்து விழுப்புரம் வரைக்கும் மல்லாக்கப் படுத்தபடியே கொண்டுபோனேன். பல் தேய்த்ததுகூடப் படுத்துக்கொண்டுதான். மைதானத்தில் நானும் வண்டி டிரைவரும் உன்னை ஆளுக்கொரு பக்கம் தூக்கிக்கொண்டு வரிசைக்குப் போனோம். "டேய், எவனோ பொணத்தயே செலக்சனுக்குக் கொண்டாரான்டா" என்று ஒரு பையன் கத்தினான். வரிசை முழுக்கச் சிரித்தது. அளக்கிறவர் பயந்துபோய், "என்னய்யா, அடிகிடி பட்டிருக்கா?" என்றார். "இல்ல சார், இன்னும் நிக்கல சார்" என்றேன். அவர் உன்னை நிற்க வைத்துக் கட்டையைத் தலையில் இறக்கினார். "சார், முடிய அமுக்காதீங்க சார்" என்று நான் கத்தியது உனக்கு ஞாபகம் இருக்கும். மூன்று விரற்கடை குறைந்தது. ஐஸ் வண்டியின் மீன் வாடை உன் சட்டையில் அடித்தது. அளந்தவர் அதை முகர்ந்துவிட்டு உன் பேப்பரைத் திருப்பிக் கொடுத்தார். வரும்போது நீ மெத்தையைச் சுருட்டி வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டு வந்தாய்.

மூன்று விரற்கடை குறைவான பிள்ளை படுத்துக்கொண்டு போனால் வளர்ந்துவிடுவானா? அளந்து பார்க்கத் தெரிந்தவன்தானே நான்? வீட்டில் அளந்தபோது டேப்பை உன் முடிக்கு மேலே பிடித்து, எனக்கு வேண்டிய அளவை நானே படித்துக்கொண்டேன். வேலை கிடைக்காமல் போனதுகூடப் பெரிதில்லை, நீ வேறு படித்து பெங்களூரில் நல்ல வேலைக்குப் போய்விட்டாய். உன் உடம்பு மறைத்துத் தூக்கிக்கொண்டு போக வேண்டிய ஒன்று என்று இருநூறு பேர் நடுவில் உனக்குச் சொல்லிக்கொடுத்தது நான்தான். அந்த மன்னிப்பைக் கேட்டுக்கொள்கிறேன். இதோ, எழுத்தில்.

பிறகு அண்ணாகிராமம் பக்கம் பெண் பார்க்கப் போனோம். முந்திரித் தோப்புக்காரர்கள், பெண் நல்ல உயரம். நாம் உள்ளே நுழைந்து நின்றுகொண்டிருக்கிறோம், அந்தப் பெண்ணின் அத்தை சமையல்கட்டிலிருந்து எட்டிப் பார்த்து, "மாப்ள எழுந்து நிக்கட்டுமே, பாப்பம்" என்றது. "நின்னுட்டுத்தாங்க இருக்காரு" என்றார் உன் மங்கலம்பேட்டை மாமா. அத்தனை பேரும் சிரித்தார்கள். நம்மைக் கூட்டிக்கொண்டு போன மாமாவும் சிரித்தார். கொடுத்த பலாச்சுளையை நீ கையிலேயே வைத்திருந்தாய், தின்னவில்லை. அதற்கு அடுத்த மாதம்தான் அந்த ஆப்பரேஷனைப் பற்றி என்னிடம் சொன்னாய். கால் எலும்பை வெட்டி, வெளியே வளையச் சட்டம் மாட்டி, தினம் ஒரு மில்லிமீட்டர் நீட்டினால் நடுவில் புது எலும்பு வளருமாம். மூன்று அங்குலம் வேண்டும் என்றாய். உன் அம்மா அழுதாள். நான் அழவில்லை, உண்மையைச் சொன்னால் சந்தோஷப்பட்டேன். எனக்குக் கிடைக்காத ஒன்று என் பிள்ளைக்கு, அதுவும் ஸ்பேனர் பிடித்து நீட்டுகிற வழியாகக் கிடைக்கப்போகிறது என்று. சென்னையில் டாக்டரைப் பார்த்தபோது நான் கேட்ட முதல் கேள்வி, "சார், இந்தக் கம்பியோட மரை என்ன பிட்ச்?" என்பதுதான். அவர் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "ஒரு சுத்துக்கு ஒரு எம்.எம். நீங்க என்ன வேலை பாக்குறீங்க?" என்றார். சொன்னேன். "அப்ப உங்க பையனுக்கு நல்ல ஆள்தான் கெடச்சிருக்கு" என்று சிரித்தார். அந்த வார்த்தையை நான் கடலூர் வரும்வரை மென்றுகொண்டே வந்தேன்.

கடலூரில் வைத்தால் தெருவே வந்து பார்க்கும் என்று அண்ணாமலை நகரில் ஒரு கீழ்த்தள வீட்டை எடுத்தோம். மாணவர் லாட்ஜ்களுக்கு நடுவில் நம்மைக் கேட்பார் யாருமில்லை. சொந்தக்காரர்களுக்கு நீ ஜெர்மனியில் வேலையாகப் போயிருக்கிறாய். துறைமுகத்தில் எனக்கு மூலம் ஆப்பரேஷன். கம்பெனியில் நீ பைக்கிலிருந்து விழுந்துவிட்டாய். மூன்று பொய்யில் எதை எங்கே சொல்வது என்று உன் அம்மா காலண்டர் பின்னால் எழுதி வைத்திருந்தாள். ஜெர்மனி சாக்லெட் வேண்டும் என்று மாமா கேட்டபோது புதுச்சேரியில் போய் வாங்கி வந்து, கடை லேபிளைச் சுரண்டிக் கொடுத்தேன். காலையில் ஆறு மணி, பதினோரு மணி, சாயங்காலம் நாலு, பிறகு ஒன்பது. ஒரு வேளைக்கு நட்டைக் கால் சுற்று திருப்ப வேண்டும், நாலு வேளைக்கு ஒரு முழுச் சுற்று. ஒரு காலுக்கு நாலு கம்பி, இரண்டு காலுக்கு எட்டு நட்டு. திருப்பிவிட்டு டாக்டர் கொடுத்த அட்டையில் குறிப்பேன். நீ பல்லைக் கடித்துக்கொண்டு, "எப்பா, இந்த என்ஜினுக்கு ஓவர்ஹால் எப்பப்பா முடியும்?" என்பாய். "ஓனரு வாயத் தொறக்காம இருந்தா சீக்கிரம் முடியும்" என்பேன். உன்னோடு நான் அவ்வளவு பேசியது உன் பிறப்பிலிருந்து அந்த நாட்களில்தான். அதை நான் மறுக்கவில்லை. என் ஆயுசில் நல்ல நாட்கள் எவை என்று கேட்டால் அவற்றையும் சேர்த்துத்தான் சொல்வேன், நீ வலியில் கிடந்த நாட்களை.

ஐந்தாவது வாரம் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. லீவை நீட்ட முடியாது என்றார்கள். அன்றைக்குச் சாயங்காலம் நீ கேட்டாய். "எப்பா, ஒரே ஒரு கால் சுத்து ஜாஸ்தியா வைப்பா. நாலு வைக்கிற எடத்துல அஞ்சு. உன் கைக்குத் தெரியாதா எவ்ளோ தாங்கும்னு." என் கைக்குத் தெரியும் என்றுதான் நானும் நினைத்தேன். ஒன்பது நாள் ஐந்தாவது கால் சுற்றை வைத்தேன். அட்டையில் நாலு என்றே குறித்தேன். இரும்பை இறுக்கும்போது எங்கே நிறுத்த வேண்டும் என்று மணிக்கட்டுக்குத் தெரியும், மரை கடிக்கும், ஸ்பேனர் வழியாக அது நமக்குச் சொல்லும். நரம்பு அப்படி ஒன்றும் சொல்லாது என்பது எனக்குத் தெரியவில்லை. தானாகக் கற்றவனுக்கு வரும் திமிர் அது. நாற்பது வருடம் எவனும் என்னைத் திருத்தவில்லை என்பதால் நான் தப்பே பண்ணாதவன் என்று நினைத்துக்கொண்டேன்.

பத்தாம் நாள் பயிற்சி கொடுக்க வந்த பிசியோதெரபி பெண் என்னைச் சமையல்கட்டுக்குக் கூப்பிட்டது. "அங்கிள், லெஃப்ட் கால் கட்டவெரலத் தூக்கச் சொன்னேன். வரல. அவரு வேணும்னே தூக்கலன்னு சொல்றாரு. எனக்கு அப்படித் தெரியல" என்றது. நான் உள்ளே வந்து உன் கால்மாட்டில் உட்கார்ந்தேன். "கட்டவெரலத் தூக்குடா" என்றேன். "தூக்கிக்கிட்டுத்தாம்பா இருக்கேன்" என்றாய். அது அசையவே இல்லை. நீ சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாய், நான் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பெண்ணின் போனிலேயே டாக்டரைக் கூப்பிட்டேன். உடனே நிறுத்திவிட்டு மறுநாள் கூட்டிவரச் சொன்னார். நாலு மணி ஆனதும் நீ, "நட்ட வைப்பா" என்றாய். "கெடயாது" என்றேன். "நாளைக்கி அவர பாத்துட்டுப் பேசிக்கலாம், இன்னைக்கி வை. ஒரு வேள விட்டா எலும்பு கூடிடும்." "கூடட்டும்." "இது என் காலு." "கை என்னுது." இதற்கு நீ சொன்னதை இங்கே எழுத மாட்டேன், அம்மா படிப்பாள். ராத்திரிக்குள் நீயே எட்டித் திருப்பிவிடுவாய் என்று தெரியும். எட்டுக் கம்பியிலும் நட்டு திரும்ப முடியாதபடி ஒவ்வொரு எதிர் நட்டைப் போட்டு, முழு பலத்தையும் கொடுத்து இறுக்கினேன். ஸ்பேனரைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வாசலில் போய் உட்கார்ந்துவிட்டேன்.

டாக்டர் சொன்னது இரண்டு. நிறுத்தியது நல்லது, இன்னும் நாலு நாள் இழுத்திருந்தால் பாதம் தொங்கிப்போய்த் திரும்பாமல் இருந்திருக்கலாம் என்றார். அது என் காதில் விழுந்தது. கொஞ்ச நாள் பொறுத்து, பாதி வேகத்தில் மறுபடி நீட்டிப் பார்க்கலாம் என்றும் சொன்னார். அது உன் காதில் விழுந்தது. நான் மறுபடி ஸ்பேனரைத் தொடவில்லை, எதிர் நட்டுகளைக் கழற்றவும் இல்லை. உன் அம்மாவையும் தொட விடவில்லை. எலும்பு கூடிவிட்டது. இரண்டு அங்குலத்தோடு நின்றது. பாதி வேகத்தில் போயிருந்தால் மூன்றாவது அங்குலமும் வந்திருக்குமா? வந்திருக்கலாம். நான் இல்லை என்று சொல்லவில்லை. தெரிந்தேதான் கொடுக்கவில்லை. தன்னைவிடப் பிள்ளை ரொம்ப வளர்ந்துவிடக் கூடாது என்று அப்பனுக்குப் பொறாமை என்று பெங்களூரில் உன் நண்பனிடம் சொன்னாயாம். அவன் அம்மாவிடம் சொல்லிவிட்டான். தம்பி, நீ பத்தாவது படிக்கும்போதே என்னைவிட உயரம். பொறாமைப்படுவதாக இருந்தால் நான் அப்போதே ஆரம்பித்திருக்க வேண்டும்.

சட்டத்தைக் கழற்றி, ஊன்றுகோலை விட்டு நீ நடக்க ஆரம்பித்து, ஜெர்மனியிலிருந்து திரும்பியதாகக் கடலூர் வந்தாயே, அன்றைக்கு மாமா உன்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். நீ மூச்சை அடக்கிக்கொண்டு நின்றாய். "ஷூ நல்லாருக்குதே மாப்ள, அங்க வாங்குனதா?" என்றார். அவ்வளவுதான். நீ சாப்பிடாமல் மாடிக்குப் போய்விட்டாய். அப்போதே எனக்குத் தெரிந்தது, இது இரண்டில் நிற்காது, மூன்றிலும் நிற்காது, எத்தனை அங்குலம் வைத்தாலும் அந்த ஆள் ஷூவைத்தான் பார்ப்பார் என்று. ஆனால் இதைச் சொல்லி உன் மனதை மாற்றலாம் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை. நான் உன் அப்பன், உன் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாதா?

இந்தத் தடவை தொடைக்குள்ளேயே கம்பி வைப்பார்களாம், வெளியே நட்டும் இல்லை, சட்டமும் இல்லை. தொடைமேல் ஒரு கருவியை வைத்து நீயே பட்டனை அழுத்தி நீட்டிக்கொள்வாயாம். "இந்த வாட்டி யார் கையும் வேணாம், பட்டன் என் கையில" என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறாய். நீ பெருமையாகச் சொன்னாய், எனக்கு அதுதான் பயம். நாலு போதாது ஐந்து வை என்று கேட்டவன் கையில் பட்டன். போன மாதம் நீ வீட்டுக்கு வந்து விட்டுப்போன பழைய ஷூவை எடுத்துப் பார்த்தேன். இடது ஷூவின் முனை, வலதைவிட இரண்டு மடங்கு தேய்ந்திருக்கிறது. படியேறும்போது அந்த விரல் இன்னும் முழுசாக எழும்பவில்லை, தரையில் உரசுகிறது. அதே சென்னை டாக்டரிடம் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லித்தான் தேதி வாங்கியிருக்கிறாய். தேய்மானத்தைப் பார்த்துப் பழுதைச் சொல்பவனிடம் இதை மறைக்க முடியாது.

ஆகவே போன திங்கட்கிழமை சென்னைக்குப் பஸ் ஏறினேன். உன் அம்மாவிடம் சொல்லவில்லை. டாக்டர் அறை வாசலில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். உள்ளே போய் ஒன்பது நாள் ஐந்து கால் சுற்று வைத்ததைச் சொன்னேன். அட்டையில் நாலு என்று பொய்யாகக் குறித்ததைச் சொன்னேன். கேட்டது பையன், செய்தது நான், மறைத்தது இரண்டு பேரும் என்றேன். கொண்டுபோயிருந்த உன் பழைய ஷூக்களை மேஜைமேல் வைத்தேன். அந்த மனிதர் அவ்வளவு சத்தம் போடுவார் என்று நான் நினைக்கவில்லை. "நீங்க தொழில் தெரிஞ்சவருன்னு நம்பி உங்க கையில குடுத்தேன்யா" என்றார். வெளியே இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அறுபத்து நாலு வயதில் ஒரு மனிதரிடம் நின்றுகொண்டு திட்டு வாங்கினேன். அத்தனையும் எனக்குச் சேர வேண்டியதுதான். கடைசியில் உன் தேதியை ரத்து செய்தார். பொய் சொல்கிற நோயாளிக்கு இந்தக் கருவியைக் கொடுக்க மாட்டேன் என்றார். இரண்டு வருடம் கழித்து வந்தாலும் நரம்பைச் சோதித்துவிட்டுத்தான் பேசுவாராம். இது அச்சில் வருவதற்குள் உனக்கு அங்கிருந்து போன் வந்திருக்கும். அவர் பேரில் கோபப்படாதே. சொன்னது நான்தான்.

அவர் இல்லாவிட்டால் இன்னொருவர் என்று நீ கிளம்புவாய், தெரியும். பெங்களூரில் இருப்பார்கள், டெல்லியில் இருப்பார்கள். போ. யாரிடம் போகிறாய் என்று எப்படியும் அம்மாவிடம் சொல்வாய், அம்மா என்னிடம் சொல்வாள். கடலூரிலிருந்து எல்லா ஊருக்கும் போக வழியிருக்கிறது. அங்கே டாக்டர் வாசலில் நான் உட்கார்ந்திருப்பேன்.

அப்பா